பகடையில் ஓடும் பேஸ்பால் லீக்: உங்கள் கேள்விகள்

சென்ற இதழில் அமெரிக்கர்களின் பொழுதுபோக்குகளைப் பற்றி எழுதும்போது, நானும் என் கல்லூரி நண்பர்களும் கார்டும் பகடையும் வைத்து ஒரு பேஸ்பால் லீக்கை இன்னும் நடத்தி வருகிறோம் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் மற்ற எல்லாவற்றையும் மிஞ்சிவிட்டன. ஆகவே இந்த முறை பகுதி முழுக்க அதற்கே.

கேள்வி: இது என்ன விளையாட்டு சார்? சின்ன வயதில் பாடப்புத்தகத்தைத் திறந்து, பக்க எண்ணின் கடைசி இலக்கத்தை ரன்னாக வைத்து கிரிக்கெட் ஆடுவோமே, அந்த மாதிரியா?

பதில்: ஆசை அதே ஆசைதான். ஆனால் புத்தகக் கிரிக்கெட்டில் கவாஸ்கர் ஆடினாலும் சந்திரசேகர் ஆடினாலும் புத்தகத்துக்கு ஒன்றுதான். இங்கே ஆள் யார் என்பது பகடைக்குத் தெரியும்.

நாங்கள் ஆடுவது ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் என்ற விளையாட்டு. அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் போன சீசன் ஆடிய ஒவ்வொரு வீரருக்கும் ஒரு கார்டு இருக்கும். அவர் அந்த வருடம் எத்தனை ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி எல்லையைத் தாண்டும் அடி) அடித்தார், எத்தனை முறை வாக் (வீசுபவரின் தவறான பந்துகளால், அடிக்காமலே முதல் பேஸுக்கு, அதாவது ஓடித் தொட வேண்டிய நான்கு இடங்களில் முதலாவதற்குப் போவது) வாங்கினார், எத்தனை முறை ஸ்டிரைக் அவுட் (பந்தை அடிக்க முடியாமலே அவுட்) ஆனார் என்ற கணக்கெல்லாம் அந்தக் கார்டில் வாய்ப்புகளாக மாறியிருக்கும்.

மூன்று பகடைகள். ஒன்று மட்டும் தனி நிறம். அதில் 1, 2, 3 விழுந்தால் பேட்டரின் கார்டைப் பார்க்க வேண்டும். 4, 5, 6 விழுந்தால் பந்து வீசும் பிட்சரின் கார்டை. எந்தப் பத்தியில் பார்ப்பது என்பதையும் அந்த எண்ணே சொல்லிவிடும். மற்ற இரண்டு பகடைகளையும் கூட்டினால் 2 முதல் 12 வரை ஏதோ ஒன்று வரும். அந்த எண்ணுக்கு நேரே என்ன அச்சடித்திருக்கிறதோ அதுதான் நடந்தது. இரண்டு பகடையில் 7 விழ 6 வழி உண்டு. 2 விழ ஒரே வழிதான். அதனால் ஒருவர் கார்டில் 7-க்கு நேரே ஹோம் ரன் இருந்தால் அவரைக் கண்டு பிட்சர் பயப்பட வேண்டும், 2-க்கு நேரே இருந்தால் அவ்வளவு பயம் வேண்டாம். ஒரு கார்டில் மூன்று பத்தி, பத்திக்கு 36 வழி, ஆக 108 வாய்ப்பு. எங்கள் ஆட்கள் ஒரு புதுக் கார்டைக் கையில் வாங்கியதும் முதலில் செய்வது, 108-ல் எத்தனை முறை இவர் பேஸுக்குப் போகிறார் என்று மனக்கணக்குப் போடுவதுதான்.

பேட்டருக்குப் பாதி, பிட்சருக்குப் பாதி என்று பிரித்ததுதான் இந்த விளையாட்டின் உயிர். எப்பேர்ப்பட்ட அடிகாரர் நின்றாலும், தனிப் பகடையில் 5 விழுந்துவிட்டால் பேச்சு பிட்சருடையது. பிட்சரின் கார்டிலும் சில இடங்களில் முடிவு இருக்காது, 'ஷார்ட்ஸ்டாப்' (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்) என்று எழுதி ஒரு எக்ஸ் போட்டிருக்கும். அப்போது அந்த இடத்தில் யாரை நிறுத்தினோம் என்பது கேள்வியாகிவிடும். ஃபீல்டிங்குக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண். 1 தான் உயர்ந்தது. சிறந்த ஃபீல்டருக்கான கோல்டு குளோவ் விருதை 13 முறை வாங்கிய ஷார்ட்ஸ்டாப் ஓஸி ஸ்மித்துக்கு 1. அவர் பேட்டிங்கில் பெரிய சூரர் இல்லை என்பதால் எங்கள் லீக்கில் ஆரம்பத்தில் சிலர் அவரைச் சட்டை செய்யவில்லை. கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், மூன்று பேஸிலும் ஆள் நிற்கும்போது அந்த எக்ஸ் விழுந்து, அங்கே 4 மதிப்பெண் ஷார்ட்ஸ்டாப் நின்று ஆட்டம் கைவிட்டுப் போனால் அப்புறம் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள்.

கேள்வி: இதை முதலில் யார் கண்டுபிடித்தார்கள்? கம்பெனிகளா, ரசிகர்களா?

பதில்: ரசிகர்கள். இதில் எனக்கு ரொம்பப் பிடித்த கதையே இதுதான், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

விஸ்கான்சின் மாநிலம் கிரீன் பே ஊரைச் சேர்ந்த கிளிஃபோர்ட் வான் பீக் என்பவர் 'நேஷனல் பாஸ்டைம்' என்ற விளையாட்டுக்கு 1925-ல் காப்புரிமை வாங்கினார். வீரருக்கு ஒரு கார்டு, இரண்டு பகடை. 1930-களின் தொடக்கத்தில், பொருளாதாரப் பெருவீழ்ச்சிக் காலத்தில், அது கொஞ்ச நாள் விற்பனையில் இருந்தது. பிறகு காணாமல் போய்விட்டது. ஆனால் அதற்குள் ஒரு பிரதி பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் ஊரில் ரிச்சர்ட் சைட்ஸ் என்ற பையன் கையில் கிடைத்துவிட்டது. அவரும் பள்ளி நண்பர்களும் சேர்ந்து 1931-ல் ஒரு லீக் ஆரம்பித்தார்கள். பையன்கள்தானே, பெயர் மட்டும் கம்பீரமாக வைத்தார்கள்: அமெரிக்கன் புரொஃபஷனல் பேஸ்பால் அசோசியேஷன். பின்னாளில் சைட்ஸ் தானே கார்டுகளைத் திருத்தி எழுதி, 1951-ல் சொந்தமாக விற்க ஆரம்பித்தபோது, அந்த நண்பர்கள் லீக்கின் முதல் எழுத்துகளைத்தான் விளையாட்டுக்குப் பெயராக வைத்தார்: ஏபிபிஏ. இன்றும் அந்தப் பெயரில்தான் விற்கிறது. நண்பர்கள் லீக் ஒன்றிலிருந்து ஒரு கம்பெனி பிறந்தது, கம்பெனியிலிருந்து லீக் பிறக்கவில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு இதில் ஒரு பெருமை உண்டு.

ஏபிபிஏவில் இரண்டு பகடைகளைக் கூட்ட மாட்டார்கள். பெரிய பகடை பத்தாம் இடம், சின்னப் பகடை ஒன்றாம் இடம் என்று 11 முதல் 66 வரை படிப்பார்கள். கார்டின் ஆகச் சிறந்த முடிவு பெரும்பாலும் 66-ல் இருக்கும்; அது விழுந்தால் மேசையில் இருக்கும் அத்தனை பேரும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இடையில் 1941-ல் ஈத்தன் ஆலன் தன் விளையாட்டோடு வந்தார். மேஜர் லீக்கில் ஆடி ஓய்வு பெற்றவர், பின்னர் யேல் பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சியாளர். பிற்காலத்தில் ஜனாதிபதியான மூத்த ஜார்ஜ் புஷ் அவரிடம்தான் முதல் பேஸ் ஆடினார். ஆலனின் விளையாட்டில் பகடை கிடையாது. வீரருக்கு ஒரு வட்டத் தட்டு, நடுவில் சுழலும் முள். தட்டின் ஓரத்தில் ஹோம் ரன்னுக்கு எவ்வளவு அகலமான இடம் என்பதில் அந்த ஆளின் பலம் தெரியும். ஹோம் ரன்னுக்குப் பேர்போன பேப் ரூத்தின் தட்டைப் பார்த்தால் விளக்கமே வேண்டாம்.

ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்கைச் செய்தவர் நியூயார்க்கைச் சேர்ந்த ஹால் ரிச்மன். 11 வயதில் யோசனை வந்து, பகடையை உருட்டி உருட்டி எந்த எண் எத்தனை முறை விழுகிறது என்று குறித்து வைத்த பையன். பக்னெல் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்து, 1961-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். முதல் இரண்டு வருடமும் கையைக் கடித்தது. அப்பாவிடம் 5,000 டாலர் கடன் கேட்டார்; இதுவும் போனால் உங்கள் இன்ஷூரன்ஸ் தொழிலுக்கே வந்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். போகவில்லை.

எழுத்தாளர் ஜாக் கெரோவாக்கையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டும். மாசசூசெட்ஸின் லோவல் ஊரில் சிறுவனாக இருந்தபோதே தனக்கென்று ஒரு கார்டு பேஸ்பாலை உண்டாக்கி, கற்பனை அணிகளுக்கு கார் பெயர்களை வைத்து, ஆட்டச் செய்திகளை நாளிதழ் மாதிரியே எழுதி வைத்தார். பெரியவரான பிறகும் விடவில்லை. அந்தக் குறிப்புகள் இன்று நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கின்றன. ஆனால் அவர் தனியாக ஆடினார். லீக் என்றால் எதிரே இன்னோர் ஆள் வேண்டும்.

கேள்வி: உங்கள் லீக் எப்படித் தொடங்கியது? எல்லோரும் ஒரே ஊரிலா இருந்தீர்கள்?

பதில்: தொடங்கும்போது ஒரே விடுதியில் இருந்தோம். நான் மேற்படிப்புக்காக பென்சில்வேனியா வந்த புதிது. என் அறைத்தோழர் ஒரு கார்டுப் பெட்டியை மேசையில் பரப்பிவைத்து, தனக்குத்தானே ஏதோ முணுமுணுத்துக்கொண்டு பென்சிலால் கட்டம் போடுவார். என்ன என்று கேட்டேன். எதிரே உட்கார் என்றார். பேஸ்பாலின் விதிகளையே நான் அந்த மேசையில்தான் கற்றேன். மைதானத்தில் நேரில் பார்த்தது அதற்கு அப்புறம்.

அது 1980 சீசனின் கார்டுகள் வந்திருந்த சமயம். ஜார்ஜ் பிரெட் அந்த வருடம் கன்சாஸ் சிட்டிக்காக 0.390 சராசரி வைத்திருந்தார், அதாவது பத்து முறை பேட் பிடித்தால் கிட்டத்தட்ட நான்கு முறை ஹிட், அடித்துவிட்டு ஓடிப் பேஸைச் சேர்ந்துவிடுவார். அவர் கார்டில் எங்கே கை வைத்தாலும் ஹிட். ஆனால் காயத்தால் அவர் 117 ஆட்டம்தான் ஆடினார். எங்கள் விதிப்படி, உண்மையில் ஆடியதைவிட அதிகமாக ஒரு வீரரை ஆடவைக்கக் கூடாது. முழு சீசனின் 162 ஆட்டத்தில் எந்த 45 ஆட்டத்துக்கு பிரெட்டை உட்காரவைப்பது? பலவீனமான அணிக்கு எதிராகவா? இடதுகை பிட்சர் வரும் நாளிலா? சீசன் முடியும் செப்டம்பருக்குச் சேமித்து வைப்பதா? இந்தக் கணக்கைப் பார்த்த அன்று நான் இதில் விழுந்தேன். இன்று வரை எழுந்திருக்கவில்லை, எழுந்திருக்கும் எண்ணமும் இல்லை.

படிப்பு முடிந்ததும் ஆளுக்கொரு மாநிலமாகப் பிரிந்தோம். லீக் தபாலுக்கு மாறியது. இதை விளக்கிச் சொன்னால்தான் இப்போதைய பிள்ளைகளுக்குப் புரியும். என் அணி ஒஹாயோ நண்பரின் 'மைதானத்துக்கு'ப் போகிறது என்று வையுங்கள். நான் என் பேட்டிங் வரிசையையும், யார் பிட்ச் செய்வது என்பதையும், ஒரு கட்டளைத் தாளையும் தபாலில் அனுப்புவேன். 'ஏழாவது இன்னிங்ஸுக்குப் பிறகு நாம் முன்னிலை என்றால் லெஃப்ட் ஃபீல்டில் ஆளை மாற்றவும். பிட்சர் குவிசன்பெரியை எட்டாவது இன்னிங்ஸுக்கு முன் இறக்க வேண்டாம். ரிக்கி ஹெண்டர்சன் முதல் பேஸில் இருந்தால் எந்த கேட்சராக இருந்தாலும் அடுத்த பேஸுக்கு ஓடட்டும்.' இப்படி ஒரு பக்கம், சில நேரம் இரண்டு பக்கம். நண்பர் இரவுச் சாப்பாடு முடித்துவிட்டு, சமையலறை மேசையில் தனியாக உட்கார்ந்து, இரண்டு அணிக்கும் தானே பகடை உருட்டி, ஒவ்வொரு பந்தையும் ஸ்கோர்ஷீட்டில் எழுதி எனக்குத் திருப்பி அனுப்புவார். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, நான் கண்ணால் பார்க்காத ஓர் ஆட்டத்தில் ஜெயித்தேனா தோற்றேனா என்பது பழுப்பு உறைக்குள் வந்து சேரும். உறையைப் பிரித்ததும் கடைசி வரியைப் பார்க்க மாட்டேன். முதல் இன்னிங்ஸிலிருந்து விரலை வைத்துப் படித்துக்கொண்டே வருவேன்.

கேள்வி: நான் கணக்கு ஆசிரியர். நேராகவே கேட்கிறேன். தனி அறையில் அவரே உருட்டி அவரே எழுதினால் ஏமாற்றுவது சுலபமாயிற்றே? எப்படி நம்பினீர்கள்?

பதில்: எல்லாக் கேள்விகளிலும் முக்கியமானது இதுதான் ஐயா. பிடிக்கவே முடியாத ஏமாற்றுக்கு எல்லா வாய்ப்பும் இருந்தது. எங்கள் லீக்கில் அது நடக்கவில்லை என்று நான் உறுதியாகச் சொல்வதற்கு இரண்டு காரணம்.

முதல் காரணம் உங்களுக்குப் பிடிக்கும். உண்மையான மேஜர் லீக்கில் சொந்த மைதானத்தில் ஆடும் அணி சுமார் நூற்றுக்கு 54 ஆட்டம் ஜெயிக்கும். கூட்டத்தின் சத்தம், பழகிய மண், பயணக் களைப்பு இல்லாமை என்று காரணங்கள் சொல்வார்கள். பகடைக்குக் கூட்டம் இல்லை, களைப்பும் இல்லை. ஆகவே எங்கள் லீக்கில் 'சொந்த மைதான' வெற்றி பாதிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். நேரில் முடிவெடுப்பவருக்குத் தாளில் கட்டளை எழுதி அனுப்பியவரைவிடக் கொஞ்சம் சௌகரியம் உண்டு என்பதால் பாதிக்கு ஒரு பிடி மேலே இருக்கலாம். லீக்கை நிர்வகிக்கும் எங்கள் கமிஷனர் ஒவ்வொரு குளிர்காலத்திலும் இதைக் கூட்டிப் பார்த்துச் செய்திமடலில் வெளியிடுவார். யாரையும் குறிவைத்து இல்லை, எல்லோருடைய கணக்கும் வரும். அது எப்போதும் பாதியை ஒட்டியே நின்றது.

இரண்டாவது காரணம் அந்த ஸ்கோர்ஷீட்டுகள். ஒன்று இப்போது என் முன்னால் இருக்கிறது. நண்பரின் அணி ஒரு ரன் முன்னிலையில், ஒன்பதாவது இன்னிங்ஸில். என் ஆள் ஒருவர் பேஸில் நிற்கிறார். கட்டத்துக்குள் ஹோம் ரன் என்று பென்சிலால் எழுதி, பென்சிலை அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்திருக்கிறது. ஓரத்தில் 'இதை நானே உருட்டினேன்' என்று மட்டும் எழுதியிருக்கிறார். அன்று தோற்றிருந்தால் நான் சீசனின் இறுதிச் சுற்றான பிளேஆஃபுக்கே போயிருக்க மாட்டேன். அந்த அறையில் அவரைத் தவிர யாரும் இல்லை. அவர் பகடையை இன்னொரு முறை உருட்டியிருந்தால் இந்த உலகத்தில் எவருக்கும் தெரிந்திருக்காது.

இப்படிப்பட்ட தாள்கள் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக எங்கள் கமிஷனர் வீட்டில் இருக்கின்றன. ஒரு மனிதரைப் பற்றி இதைவிட நல்ல சான்றிதழ் எனக்குத் தெரியாது.

கேள்வி: உண்மையான வீரர்களை வைத்து ஆடினால், உண்மையில் நடந்ததேதானே திரும்ப நடக்கும்? இதில் என்ன சுவாரசியம்?

பதில்: வீரர்கள் உண்மை, அணிகள் எங்களுடையவை. புதிதாக வரும் வீரர்களை வருடா வருடம் டிராஃப்டில், அதாவது முறைவைத்துத் தேர்ந்தெடுத்து, எடுப்போம். எடுத்தவர் நம்மிடமே இருப்பார், விற்கிற வரைக்கும். அதனால் வரலாறே வேறாகிவிடும். டோனி க்வின் 1982 முதல் 2001 வரை 20 சீசனும் சான் டியேகோ பேட்ரஸுக்கு மட்டுமே ஆடியவர். எங்கள் லீக்கில் அவர் மூன்று அணி மாறினார். அதில் ஒரு டிரேடைப் பற்றிச் சம்பந்தப்பட்ட இருவரும் இப்போதும் சூடாகப் பேசுவார்கள். பேட்ரஸுக்காக மேஜர் லீக்கின் இறுதிப் போட்டியான உலகத் தொடர் ஜெயிக்க அவருக்குக் கடைசி வரை கொடுத்துவைக்கவில்லை, எங்களிடம் ஜெயித்தார். அவர் 2014-ல் காலமான செய்தி வந்தபோது, அவரை வைத்திருந்த எங்கள் மூன்று பேருக்குமே சொந்த அணியின் ஆள் போன துக்கம்.

2004-ன் பேரி பாண்ட்ஸ் கார்டு பெரிய பஞ்சாயத்தைக் கிளப்பியது. அந்த வருடம் அவர் 232 வாக் வாங்கினார். அதில் 120, அவர் அடிக்குப் பயந்து வேண்டுமென்றே கொடுத்தவை. அவருடைய கார்டைப் பார்த்த எங்கள் மேனேஜர்களும் அதையே செய்தார்கள். கண்டதும் முதல் பேஸுக்கு அனுப்பிவிடுவது. எங்கள் லீக்கில் பாண்ட்ஸை வைத்திருந்தவர், இதற்கு ஒரு வரம்பு வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். ஓட்டுக்கு விட்டோம், தீர்மானம் தோற்றது. உண்மையான மேனேஜர்கள் 120 முறை செய்ததை நாங்கள் செய்யக் கூடாது என்று எப்படிச் சொல்வது? தோற்றது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். அவருக்குப் பின்னால் ஒரு நல்ல அடிகாரரை நிறுத்துவதுதான் அதற்குப் பதில், சட்டம் இல்லை.

கேள்வி: வேலைநிறுத்தம், கொரோனா என்று உண்மையான பேஸ்பாலே நின்றுபோன வருடங்களில் நீங்கள் என்ன செய்தீர்கள்?

பதில்: ஆடினோம். எங்கள் லீக்கின் மிகச் சிறந்த வருடங்கள் அவைதான் என்றுகூடச் சொல்வேன்.

நான் சேர்ந்த 1981 கோடையிலேயே முதல் அடி. ஜூன் 12 அன்று வீரர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஜூலை 14 அன்று கிளீவ்லாந்தில் நடக்க வேண்டிய, நட்சத்திர வீரர்கள் மோதும் ஆல்-ஸ்டார் ஆட்டம் இல்லை என்றாயிற்று. அதே நாளில், அதே கிளீவ்லாந்து மைதானத்தில், ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் கார்டுகளையும் பகடையையும் வைத்து அந்த ஆட்டத்தை ஆடிக் காட்டினார்கள். பல்லாயிரம் பேர் உட்காரும் இடத்தில் ஒரு மேசை. நாங்கள் விடுதியில் செய்துகொண்டிருந்ததை அங்கே ஊரறியச் செய்தார்கள் என்று எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. நிஜ ஆல்-ஸ்டார் ஆட்டம் பிறகு ஆகஸ்ட் 9-ல்தான் நடந்தது.

1994 தான் வலித்தது. மறுபடியும் வேலைநிறுத்தத்தால் ஆகஸ்ட் 12-ல் ஆட்டம் நின்றது, அப்புறம் அந்த வருடம் தொடரவே இல்லை. 1904-க்குப் பிறகு உலகத் தொடர் நடக்காத ஒரே வருடம். நின்றபோது மான்ட்ரியல் எக்ஸ்போஸ் 74 வெற்றி, 40 தோல்வி. மேஜர் லீக்கிலேயே சிறந்த அணி. க்வின்னின் சராசரி 0.394, ஐம்பது வருடத்துக்கும் மேலாக யாரும் தொடாத 0.400 பக்கத்தில் நிற்கிறார். மேட் வில்லியம்ஸ் 43 ஹோம் ரன்னில் இருக்கிறார். ஒரே சீசனில் ரோஜர் மாரிஸ் அடித்த சாதனை எண்ணான 61-ஐப் பிடித்திருக்கலாம். எதற்கும் முடிவு கிடையாது. எக்ஸ்போஸ் அணி பத்து வருடம் கழித்து ஊரையே விட்டு வாஷிங்டனுக்குப் போய்விட்டது.

அந்த சீசனின் கார்டுகள் வந்ததும் எங்கள் கமிஷனர் ஒரு முடிவெடுத்தார். ஆடிய ஆட்டங்களின் விகிதப்படி எல்லோருடைய வரம்பையும் கூட்டி, முழு 162 ஆட்டமும் ஆடுவது. எங்கள் லீக்குக்கு வெளியே இன்னொரு காரியமும் செய்தோம்: எக்ஸ்போஸை எக்ஸ்போஸாகவே வைத்து, நின்றுபோன அட்டவணையை நின்ற இடத்திலிருந்து தொடர்ந்து ஆடி முடித்தோம். அந்த அக்டோபர் ஆட்டங்களுக்காக மூன்று பேர் விடுமுறை எடுத்துக்கொண்டு ஒரே வீட்டில் வந்து தங்கினார்கள். எங்கள் பகடையில் மான்ட்ரியல் உலகத் தொடருக்குப் போனது, ஏழாவது ஆட்டத்தில் தோற்றது. அதனால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெட்ரோ மார்டினெஸும் லாரி வாக்கரும் மொய்சஸ் அலூவும் சேர்ந்து ஆடிய ஓர் அணிக்கு ஒரு முடிவாவது யாரோ ஒருவர் எழுதிக் கொடுக்க வேண்டாமா?

2020-ல் நிஜ சீசன் ஜூலை 23-ல் தொடங்கி 60 ஆட்டத்தோடு முடிந்தது. மைதானங்கள் மூடியிருந்த மாதங்களில் ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் கம்பெனி கம்ப்யூட்டரில் அந்த சீசனை நாளுக்கு நாள் ஆடி முடிவுகளை வெளியிட்டது. எங்களுக்குச் சிக்கல் அடுத்த வருடம் வந்தது. 60 ஆட்டக் கணக்கில் ஒரு கார்டு எப்படி இருக்கும்? வாஷிங்டனின் வான் சோட்டோ 47 ஆட்டத்தில் 0.351, யாங்கீஸின் லெமெயு 0.364. ஆறு மாத ஓட்டத்தில் இறங்கி வந்திருக்கும் எண்கள் அப்படியே உச்சத்தில் உறைந்துவிட்டன. இதை 162 ஆட்டத்துக்கு நீட்டினால் அநியாயம். அந்த ஒரு வருடம் நாங்களும் 60 ஆட்டமே ஆடினோம், கம்ப்யூட்டரில், வாரத்துக்கு ஒரு இரவு எல்லோரும் திரையில் முகம் பார்த்துக்கொண்டு. பல வருடங்களாகக் குரலை மட்டும் கேட்டிருந்த சிலரின் நரைத்த தலையை அப்போதுதான் பார்த்தோம்.

கேள்வி: கறுப்பின வீரர்கள் தடுக்கப்பட்ட காலத்தையும் இந்த விளையாட்டில் ஆட முடியுமா?

பதில்: முடியும், ஆட வேண்டும். ஜாக்கி ராபின்சன் 1947-ல் புரூக்ளின் டாட்ஜர்ஸுக்கு ஆட வரும்வரை, கறுப்பின வீரர்கள் நீக்ரோ லீக்குகளில் தனியே ஆடினார்கள். அந்த ஆட்டங்களின் ஸ்கோர் பல இடங்களில் சிதறிக் கிடந்தது. ஆராய்ச்சியாளர்கள் பழைய நாளிதழ்களைப் புரட்டிப் புரட்டிச் சேர்த்தார்கள். அந்த உழைப்பை வைத்து 2009-ல் நீக்ரோ லீக் நட்சத்திரங்களின் கார்டுகளை ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் வெளியிட்டது. நீக்ரோ லீக்கின் சாட்செல் பேஜ் பிட்ச் செய்ய மேஜர் லீக்கின் டெட் வில்லியம்ஸ் பேட் பிடிப்பதை எங்கள் மேசையில் நடத்தியபோது, சத்தமாகப் பேசும் ஆட்களெல்லாம் பகடையை மெதுவாக உருட்டினார்கள். 2024-ல் மேஜர் லீக் தன் அதிகாரபூர்வக் கணக்கில் அந்த லீக்குகளையும் சேர்த்தது. வாழ்நாள் சராசரியில் 0.372 வைத்திருந்த நீக்ரோ லீக் வீரர் ஜோஷ் கிப்சன், அதுவரை முதலில் இருந்த டை காபைத் தாண்டி முதலிடத்துக்கு வந்தார். கிப்சன் இறந்தது 1947 ஜனவரியில், ராபின்சன் களமிறங்குவதற்கு மூன்று மாதம் முன்பு, 35 வயதில். எழுதிவைக்கப்பட்ட ஸ்கோர் ஒவ்வொன்றும் எவ்வளவு பெரிய விஷயம் என்று சந்தேகப்படுபவர்களுக்கு நான் இந்த உதாரணத்தைத்தான் சொல்வேன்.

கேள்வி: இதுவும் ஃபேண்டஸி லீக்கும் ஒன்றுதானே?

பதில்: இல்லை. ஃபேண்டஸியில் இன்று மைதானத்தில் நடப்பதற்கு இன்று புள்ளி. 1980-ல் டேனியல் ஓக்ரென்ட்டும் நண்பர்களும் நியூயார்க்கில் தாங்கள் கூடிய உணவகத்தின் பெயரால் 'ரொட்டிஸரி' என்று தொடங்கியது அது. அங்கே ஆட்டத்துக்குள் நமக்கு வேலை இல்லை. இங்கே பன்ட் அடிக்க (மட்டையை வீசாமல் பந்தை மெதுவாகத் தட்ட) சொல்வதா, பிட்சரை மாற்றுவதா என்று ஒவ்வொரு பந்திலும் நாம்தான் மேனேஜர்.

கேள்வி: கம்ப்யூட்டர் வந்த பிறகு பகடை எதற்கு?

பதில்: எங்களில் பாதிப் பேர் கம்ப்யூட்டர்தான். டயமண்ட் மைண்ட், ஜெர்மனியில் மார்க்குஸ் ஹைன்சோன் உருவாக்கிய அவுட் ஆஃப் தி பார்க் எல்லாம் நல்ல விளையாட்டுகள். புள்ளிவிவரம் தானாகவே கூட்டிக்கொள்ளும். ஆட்கள் அதிகமாக விலகாமல் லீக் பிழைத்ததற்கே அதுதான் காரணம். ஆனாலும் பிளேஆஃப் மட்டும் நேரில் கூடி, பகடையில். இதை மாற்றச் சொல்லி ஒரு தீர்மானம்கூட இதுவரை வந்ததில்லை.

கேள்வி: இத்தனை வருடத்தில் யாராவது விலகினாலோ, இறந்தாலோ அந்த அணி என்ன ஆகும்?

பதில்: விலகியவர்களின் அணியைப் புதியவர் எடுத்துக்கொள்வார், கடன் பாக்கியோடு, கொடுக்க வேண்டிய டிராஃப்ட் முறைகளோடு. இறந்தது ஒருவர்தான். என் அறைத்தோழர், என்னை எதிரே உட்காரச் சொன்னவர். சீசன் பாதியில் இருந்தது. நோய் முற்றுகிறது என்று தெரிந்ததும், மீதி ஆட்டங்கள் அத்தனைக்கும் கட்டளைத் தாள் எழுதி கமிஷனரிடம் கொடுத்துவைத்திருந்தார்: எந்த அணிக்கு எந்த பிட்சர், யார் எப்போது உட்கார வேண்டும், எல்லாம். அந்தத் தாளை வைத்து சீசனை முடித்தோம். அவருடைய அணி மூன்றாவதாக வந்தது. அடுத்த டிராஃப்டுக்கு அவர் மகள் வந்து அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் சுற்றிலேயே எல்லோரும் கண் வைத்திருந்த பிட்சரை எடுத்துக்கொண்டார். எங்களில் ஆகக் கடினமான டிரேடு பேச்சு இப்போது அவரோடுதான்.

கேள்வி: என் மகன் கல்லூரி நண்பர்களோடு இப்படி ஒன்று ஆரம்பிக்க ஆசைப்படுகிறான். அம்மாவாக அவனுக்கு என்ன சொல்லட்டும்?

பதில்: நிறையப் பேரைச் சேர்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள் அம்மா. ஆறு, எட்டு அணி போதும். கூட்டம் கூடினால் அட்டவணை முடியாது, முடியாத சீசன்தான் லீக்கைக் கொல்லும். 162 ஆட்டமும் வேண்டாம், படிப்பு கெடும். அறுபதோ எண்பதோ வைத்துக்கொள்ளட்டும். விதிகளைப் பேச்சாக விடாமல் எழுதட்டும், விதியை மாற்றுவது எப்படி என்ற விதியை முதலில் எழுதட்டும். சீசன் நடுவில் எந்த மாற்றமும் கூடாது. நாங்கள் பார்த்த பெரிய சண்டைகளெல்லாம் நடுவில் மாற்றக் கிளம்பியதில் வந்தவை.

கமிஷனரைத் தேர்ந்தெடுக்கும்போது நன்றாக ஆடுபவரைப் பார்க்காமல், கடிதத்துக்கு உடனே பதில் போடுபவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம், முதல் ஆட்டத்தின் ஸ்கோர்ஷீட்டிலிருந்தே எதையும் தூக்கிப் போடக் கூடாது. தேதி, ஆடிய இடம், உருட்டியவர் பெயர் மூன்றும் ஒவ்வொரு தாளின் தலையிலும் இருக்கட்டும். தாளாக ஒரு பிரதி, கம்ப்யூட்டரில் ஒரு பிரதி, இரண்டும் இரண்டு வீட்டில்.